சேறு தெறிக்காமல்

"ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசா ஒடி. இன்னும்... இன்னும்... போதும், நிறுத்து!"

முன்சக்கரத்துக்குப் பின்னாலிருந்து கணவனின் குரல் மட்டும் வந்தது. ஓட்டுநர் இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்திருந்த மனைவி, ஸ்டியரிங் எங்கோ ஓடிப்போய்விடும் என்பதுபோல அதை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தாள்.

"எட்டிப் பார்க்காதே. ரோட்டைப் பார்க்கற மாதிரி முன்னால பாரு."

"முன்னால சுவர்தான் இருக்கு."

"அப்ப சுவரைப் பாரு."

மழை விட்ட பிற்பகல். கார் ஷெட்டின் தகரக் கூரை விளிம்பில் தொங்கிய சொட்டுகள், விழுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து விழுந்துகொண்டிருந்தன.

இந்த எஸ்.யூ.வி.யை வாங்கிய நாளிலிருந்து அவளை அந்த இருக்கையில் அவன் உட்கார விட்டதே இல்லை. 'பெரிய வண்டி, உன் கைக்கு அடங்காது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவான். அப்படிப்பட்டவன்தான் கொஞ்ச நாளாக விடிந்ததும் அவளை எழுப்பிக் காலி மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். நாளைக்கு அவன் கிளம்புகிறான். இன்று சக்கரங்களுக்குப் பின்னால் இந்த மட் ஃபிளாப்புகளை மாட்டியே தீருவேன் என்று தரையில் படுத்துக் கிடக்கிறான்.

"எதுக்குங்க இப்ப இது?"

"மாட்டிட்டுச் சொல்றேன்."

காலையிலிருந்து இதே பதில்தான்.

"என்ன தம்பி, நாளைக்குப் பயணம், இன்னைக்கு வண்டிக்கு அலங்காரமா?" மேல்வீட்டுக்காரர் குடையை மடக்கிக்கொண்டே ஷெட்டுக்குள் வந்தார்.

"மட் ஃபிளாப் சார். சேறு தெறிக்காது."

"டவுனுக்குள்ள ஓடற வண்டிக்குச் சேறு எங்கிருந்து வரும்? ஏம்மா, நீ எங்கயாச்சும் வயல் உழப் போறியா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

"டிரான்ஸ்ஃபர் எத்தனை வருஷம் தம்பி?"

"மூணு வருஷம் சார்."

"தங்கறதுக்கு இடம் குடுக்கறாங்களா?"

"குடுக்கறாங்க."

"சாப்பாடு?"

"அதுவும் அங்கேயே."

"அப்புறம் என்ன கவலை? வாடகை மிச்சம், மளிகை மிச்சம். ராஜா மாதிரி இருந்துட்டு வாங்க!" அவர் படியேறிப் போனார்.

"கேட்டீங்களா, ராஜாவாம்" என்றாள் அவள்.

அவன் சக்கர வளைவின் உட்பக்கத்தில் இருந்த திருகுகளைக் கழற்றி, ஃபிளாப்பின் துளைகளைப் பொருத்திப் பார்த்தான். பொருந்தவில்லை. அழுத்தினான். அப்போதும் பொருந்தவில்லை.

அவள் இறங்கி வந்து குனிந்து பார்த்தாள். "அது வலது பக்கத்துதுங்க. பின்னால ஒட்டியிருக்கற சீட்டுல கொட்டை எழுத்துல போட்டிருக்கே."

அவன் திருப்பிப் பார்த்தான். போட்டிருந்தது.

"படிக்காம மாட்டறது, படிக்காம கையெழுத்துப் போடறது. உங்க பழக்கம் எங்க போகும்?"

அவன் கை அப்படியே நின்றது.

"எல்லாரும் போட்டாங்களேன்னுதான் நானும் போட்டேன்."

"அவங்கல்லாம் இங்கேயேதானே இருக்காங்க? நீங்க மட்டும்தானே போறீங்க?"

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. சரியான ஃபிளாப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினான்.

"அந்த ஃபைல் என் மேஜைக்கு வந்த அன்னைக்கு எனக்கு நல்ல ஜுரம், ஞாபகம் இருக்கா? லீவு போடுங்கன்னு நீ சொன்னே. கேட்டிருக்கலாம்."

"நீங்க எதைத்தான் கேட்டீங்க?"

"இனிமே கேக்கறேன்."

"இனிமேயா?" என்றாள். குரலில் கோபம் இல்லை; அது இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுபடி ஏறி உட்கார்ந்து, அவன் சொன்னபடி ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுக்கத் திருப்பினாள். டயர் ஃபிளாப்பில் உரசி முனகியது. அவன் அதைக் கழற்றி, விரலிடை தள்ளி மறுபடி மாட்டினான். எதிர்ப்பக்கச் சக்கரம், பிறகு பின்சக்கரங்கள் என்று நகர்ந்துகொண்டே இருந்தான். கடைசித் திருகை முடுக்கும்போது, வண்டியைப் பார்த்துக் கேட்பதுபோலக் கேட்டான்:

"வருவியா?"

இந்த ஒரு கேள்விக்கு அவள் இதுவரை பதிலே சொன்னதில்லை.

"பாப்பாவைக் கூட்டிட்டு வர வேண்டாம். நீ மட்டும். முடிஞ்சப்போ வந்தாப் போதும்."

அவள் கீழே இறங்கினாள். நான்கு சக்கரங்களுக்குப் பின்னாலும் கறுப்பாகத் தொங்கியவற்றை ஒரு சுற்று நடந்து பார்த்தாள்.

"மாட்டி முடிச்சாச்சு. இப்பவாவது சொல்லுங்க. மண்ணு ஒட்டினா ஒரு வாளித் தண்ணி ஊத்திக் கழுவிட்டுப் போறேன். இதுக்குப் போயி ஏன் நாள் பூரா மண்ணுல புரண்டீங்க?"

அவன் எழுந்து, மாடிப்படியில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டான். குரல் தாழ்ந்தது.

"கழுவறதுக்குள்ள தெரு பார்த்துடும். கடைசிக் கொஞ்ச தூரம் வெறும் செம்மண் ரோடு. நம்ம பக்கத்துல வேற எங்கேயும் அந்த மண்ணு கிடையாது. அந்த ரோட்டுல ஜெயிலைத் தவிர வேற எதுவும் கிடையாது. நீ மனு போட்டு என்னைப் பார்த்துட்டு வர்ற ஒவ்வொரு தடவையும், எங்க போயிட்டு வர்றேன்னு வண்டிக் கதவே எல்லாருக்கும் சொல்லிடும்."

அவள் அந்தக் கதவை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

"மெதுவா ஓட்டிட்டு வர்றேன்" என்றாள்.