திருவாதவூரிலிருந்து மூன்று தட்டு

"அசாரண்ணே, நீங்க மாட்டுன போன்ல பேய் பேசுது. சத்தியமா இன்னிக்கு நான் எடுக்க மாட்டேன்!"

ரிசப்ஷனில் இருக்கும் பாண்டிமீனா, போனை விட்டு எட்டவே நின்றாள். போனின் நெற்றியில் விபூதி வேறு பூசியிருந்தாள்.

அசாருதீனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த மாட்டுத்தீவனக் கம்பெனியின் மதுரை ஹெட் ஆபீசையும் உசிலம்பட்டி, எழுமலை, திருவாதவூர் கிளைகளையும் இணைத்து, நெட் வழியாகப் பேசும் போன்களை அவன் மாட்டிக் கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் பேயாம்!

"எந்தப் பிராஞ்ச்?"

"திருவாதவூர்தான். வேற எது?"

திருவாதவூர் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்த நல்லகாமன், போன ஆனியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். அதோடு அங்கே வியாபாரம் நின்றது. குடோனில் கிடக்கும் சரக்குக்குக் காவலாக வாட்ச்மேன் சுடலை மட்டும்தான். போன் மாட்டப் போன அன்றுகூட, கேட்டைத் திறந்துவிட்டுக் குடோன் பக்கம் போனவர், அப்புறம் அசாருதீன் கண்ணில் படவே இல்லை.

புது போன் வந்ததும் முதலாளி ஒரு சட்டம் போட்டிருந்தார். தினமும் மூன்று மணிக்கு ஒவ்வொரு கிளையிலிருந்தும் கூப்பிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்லாத ஆளுக்கு அன்றைக்கு ஆஜர் கிடையாது, சம்பளமும் கிடையாது.

"மூணு மணிக்கு டாண்ணு வருது. எடுத்தா பேச்சே இல்ல. புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு மட்டும். அப்புறம் டொக்... டொக்... டொக். மூணே தட்டு. வச்சிருது!"

"சுடலையண்ணனா இருக்கும்மா."

"அந்த மனுசனா? ஹலோன்னா அரை மணி நேரம் பேசுவாரே! ரெண்டு மாசம் லீவுல போயிட்டு வந்ததுல இருந்து செல்லையும் எடுக்க மாட்டேங்கறாரு. இது நல்லகாமண்ணன்தான். அவருதான் இப்படி மேசையைத் தட்டுவாரு."

உயிரோடு இருந்தவரை அவர் மேசையைத் தட்டியதாக யாருமே சொன்னதில்லை. செத்த பிறகுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

மேனேஜர் சூரியபிரகாஷ் கதவைப் படாரென்று திறந்தார். அவர் சிரித்துப் பார்த்தவர் அந்த ஆபீசில் கிடையாது.

"பேயாவது பிசாசாவது! விஷயம் முதலாளி காதுக்குப் போயிருச்சு. வாட்ச்மேன் மேல தப்புன்னா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டாரு. நீதானய்யா மாட்டின? நீயே போய்ப் பாரு. என்னன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு."

ஈவு இரக்கமில்லாத மனுசன் என்று திட்டிக்கொண்டே அசாருதீன் வண்டியை எடுத்தான்.

திருவாதவூர் போய்ச் சேரும்போது மணி மூன்றாகிக்கொண்டிருந்தது. கேட்டில் யாருமில்லை.

"சுடலையண்ணே!"

இன்னொரு தரம் கத்தினான். அம்புட்டுப் பெரிய குடோனில் ஒரு காக்கா சத்தம்கூட இல்லை. போன் இருக்கும் பக்கம் நடந்தான்.

ஆபீஸ் ரூம் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. தள்ளலாம் என்று கையைக் கொண்டுபோனபோது, உள்ளேயிருந்து கேட்டது.

புஸ்... புஸ்...

டொக். டொக். டொக்.

"யா அல்லாஹ்!" என்று முணுமுணுத்துக்கொண்டே கதவைத் தள்ளினான்.

செத்தவரின் நாற்காலியில் ஓர் உருவம், முதுகைக் காட்டிக்கொண்டு. ஒரு கையில் ரிசீவர், இன்னொரு கையில் கம்பு. மெல்லத் திரும்பியது.

சுடலை!

அசாருதீனுக்குப் போன உயிர் வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது.

"ஏண்ணே, அங்க எல்லாரும் பயந்து சாகறாங்க! நான் தொண்டை கிழியக் கத்துறேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

சுடலை, கழுத்தில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார்.

தொண்டைக்குழியில் ஓர் ஓட்டை. மூச்சு அதன் வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது. புஸ்... புஸ்...

அசாருதீன் தலையைக் குனிந்துகொண்டான். இப்படியா கேட்டுத் தொலைத்தோம் என்றிருந்தது.

சுடலை காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதிக் காட்டினார். "கேன்சர். குரலை எடுத்துட்டாங்க. கண்ணு, காது நல்லா இருக்கு. காவலுக்கு ஒரு குறை வைக்கல. பேச முடியாதுன்னு தெரிஞ்சா முதலாளி நிறுத்திருவாரு. இந்த வேலைய விட்டா எனக்கு வேற நாதி இல்ல. சொல்லிராத தம்பி."

எழுதி முடித்துவிட்டு, தன் வயதில் பாதிகூட இல்லாதவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயோ, கையைக் கீழ போடுங்கண்ணே!"

மதுரைக்குத் திரும்பும் வழி முழுக்க, அசாருதீன் ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

"சார், லைன் கோளாறு. அங்க நெட் ரொம்ப மோசம். சுடலையண்ணே நல்லாத்தான் பேசுறாரு. இங்க வந்து சேரும்போது தட்டுற சத்தமா மாறிருது. என்ன பண்ணினாலும் சரியாகாது சார்."

சூரியபிரகாஷ் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கையெழுத்துப் போடுவியா?"

போட்டுக் கொடுத்தான். பொய் வெளியே தெரிந்தால் இந்த ஊரில் இனி ஒரு கம்பெனியும் கூப்பிடாது.

"இம்புட்டுத்தானா? நான்கூட நல்லகாமண்ணன்னுல்ல நினைச்சேன்!" என்று பாண்டிமீனா போனில் இருந்த விபூதியைத் துடைத்தாள்.

அவன் படியிறங்கும்போது, பின்னாலேயே வந்து மேனேஜர் தோளைத் தொட்டார். அசாருதீனுக்குப் பகீரென்றது. பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார்!

"திருவாதவூர்ல இருந்து வர்ற போனை மட்டும் ரிசப்ஷனுக்கு விடாம, நேரா என் டேபிளுக்கு வர்ற மாதிரி மாத்திக் குடுத்துட்டுப் போப்பா."

"எதுக்கு சார்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பேச முடியலைன்னா கம்பால மூணு தட்டுத் தட்டுய்யா, நான் ஆஜர் போட்டுக்கிறேன்னு சுடலைக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."