ஏசிக்குக் கீழே ஒரு நாற்காலி

"பார்த்தியா, கடைசியில ஏசி சீட்டைத் தானே புடுங்கிக்கிச்சு அந்தம்மா!"

சபீஹா பல்லைக் கடித்தாள். பக்கத்திலிருந்த காவேரிக்கு வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும்.

ஓசூரில் டெலிபோன் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. ஹாலில் இருப்பது ஒரே ஒரு ஏசி. அதுவும் டெஸ்டிங் மிஷினுக்காகப் போட்டது, மனுஷருக்காக அல்ல. ஆனால் மிஷினுக்கு முன்னால் உட்காருகிறவளுக்குக் குளிர்காற்று இலவசம். எண்பத்தெட்டாம் வருஷச் சித்திரை வெயிலில் அந்த நாற்காலிக்கு இருந்த மவுசு எம்.எல்.ஏ. சீட்டுக்குக்கூட இருந்திருக்காது.

போன வருஷத்திலிருந்து அதில் காவேரிதான். இன்று காலை சூப்பர்வைசர் தங்கமணி வந்தார்.

"நீ சுவரோரமா என் மேஜைக்குப் போ. ரிப்பேர் போர்டெல்லாம் பாரு. டெஸ்டிங்கை நான் பார்த்துக்கறேன்."

"ஏன் மேடம்?"

"சொன்னதைச் செய்."

அவ்வளவுதான். ஜம்மென்று ஏசிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார்.

காரணம் என்னவென்று காவேரிக்குத் தெரியும். தெரியும் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இரண்டு மேல்கையிலும் பொடிப்பொடியாகப் பொரி. தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். சொந்த ஊரான மத்தூரில் இருந்தவரை முழங்கை வரைக்கும் ஜாக்கெட் தைத்து மறைத்துவிட்டாள். இங்கே அரைக்கை கோட்டுதான் யூனிபார்ம். ஜாக்கெட் கை வெளியே நீளக் கூடாது. முழுக்கை கோட்டெல்லாம் சூப்பர்வைசர் அந்தஸ்து.

"பாட்டே கேக்காம உனக்கு மட்டும் எப்படிடி எந்நேரமும் புல்லரிச்சுக்குது?" என்று லைனில் கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள்.

சிரித்தவர்களே ஆளுக்கொரு வைத்தியமும் சொன்னார்கள். பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சம்பழத் தோல். காவேரி ஒன்றையும் விடவில்லை. ஆவணியில் பெண் பார்க்க வருகிறார்களே! போன வாரம் வெந்நீரை ஊற்றிப் பீர்க்கங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்ததில் தோல் உரிந்து சிவந்ததுதான் மிச்சம்.

நேற்று அந்தக் கையைத் தங்கமணி உற்றுப் பார்த்தார். இன்று சீட் போய்விட்டது.

"ஒட்டுவாரொட்டின்னு நெனச்சுட்டாங்க சபீஹா. அதான் ஓரமா ஒதுக்கிட்டாங்க."

"நீ உக்காந்த நாற்காலியிலதான அது உக்காந்திருக்குது?"

"டெட்டால் போட்டுத் தொடச்சிருப்பாங்க. நான் வேலையை விட்டுட்டு ஊருக்கே போயிடறேன்."

"லூசு! மொதல்ல நம்ம டாக்டரம்மாகிட்டப் போ. ஒட்டாதுன்னு எழுதி வாங்கிட்டு வந்து அது மூஞ்சில வீசு. அப்பறமா ஊருக்குப் போலாம்."

சாப்பாட்டு வேளையில் கம்பெனி டிஸ்பென்சரிக்கு ஓடினாள்.

டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வியாதியே இல்லைம்மா. சிலருக்குத் தோல்வாகு அப்படி. வீட்ல யாருக்காவது இருக்கும். யாருக்கும் ஒட்டாது. வயசாக ஆகத் தானா கொறையும். எதை வெச்சு இப்படித் தேய்ச்சே?"

"பீர்க்கங்காய் நாருங்க."

"நல்லாத்தான் தேய்ச்சிருக்கே, ஈயச் சொம்பு மாதிரி! இனிமே தேய்க்காதே. வெந்நீர் வேண்டாம். குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள யூரியா க்ரீம் தடவு."

"வயலுக்குப் போடுற யூரியாவாங்க?"

"அந்த மூட்டையைத் தொட்டே, தெரியும் சேதி! மருந்துக் கடையில ட்யூப்ல கிடைக்கும்." டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஆமா, ஏசிக்கு நேரா உக்காருவியோ?"

"நேத்து வரைக்குங்க."

"நல்லவேளை, மாத்திட்டாங்க. அந்த வறண்ட காத்துதான் இதுக்கு எமன். தோல்ல இருக்கற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிடும்."

காவேரிக்குக் கடைசியில் சொன்னது காதிலேயே ஏறவில்லை. 'யாருக்கும் ஒட்டாது' என்று எழுதி வாங்கிய சீட்டோடு ஹாலுக்குப் பறந்தாள்.

எல்லோரும் இன்னும் கேன்டீனில் இருந்தார்கள். தங்கமணி மட்டும் ஏசிக்குக் கீழே, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தார்.

"இந்தாங்க மேடம். ஒட்டாதுன்னு டாக்டரே எழுதியிருக்காங்க. இனிமே யாரையும் இப்படி அசிங்கப்படுத்தாதீங்க. நான் வேலையை விட்டு நின்னுக்கறேன்."

தங்கமணி சீட்டை வாங்கவில்லை. வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, கோட்டின் கைப் பொத்தானைக் கழற்றித் தோள் வரைக்கும் சுருட்டினார்.

பொரி. காவேரியின் கையில் இருப்பதைவிடப் பெரிய பொரி.

"இது ஒட்டாதுன்னு எனக்கு டாக்டர் சொல்லணுமா? உனக்கு முன்னாடி இந்தக் காத்துல உக்காந்து காஞ்சவ நான்தான். நேத்து உன் கை இப்படி உரிஞ்சு கெடக்கறதைப் பார்த்ததும் மனசு கேக்கல."

காவேரியின் கையிலிருந்த சீட்டு கசங்கியது. "வேற யாரையாவது உக்கார வெச்சிருக்கலாமே மேடம்?"

"ஒருத்திக்குக் குடுத்தா மத்தவளுங்க சண்டைக்கு வருவாளுங்க. காரணம் சொல்லணும்னா உன் கையைப் பத்திச் சொல்லணும். நான் உக்காந்தா என்னைத் திட்டிட்டுப் போயிடுவாளுங்க. திட்டுனாளுங்கதானே?"

"உங்க கை மறுபடியும் மோசமாயிடுமே, மேடம்…"

தங்கமணி கோட்டின் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தவருக்கு இப்போ தலை வழுக்கையே விழுந்தாச்சு. ஆவணியில உன்னையில்ல பார்க்க வர்றாங்க! போ, அங்க போர்டு குமிஞ்சு கெடக்குது."