பேசிக் எது?

'கீக்... கீக்...' என்று அலறிவிட்டு ஜிபிஎஸ் அணைந்தது. நடுக்கடலில் படகைச் சுற்றிலும் மழைமூட்டம். படகோட்டி ஜோர்போனின் மனைவி லிஜோன் மடியில் குழந்தை காய்ச்சலில் கொதித்தது.

"பேசிக்கே இந்த ஜிபிஎஸ்தான். அதுவே போச்சு! மஜுரோ தீவு ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கம்னு போறது?" என்று ஜோர்போன் புலம்பினான்.

ஏறியதிலிருந்து படகின் அடித்தட்டில் கண்மூடி மல்லாந்து படுத்தே வந்த பயணி நெய்மோன் சொன்னாள்: "பேசிக் அது இல்ல தம்பி. முதுகுல அலை மோதுற விதம் மாறுது, இது தீவுல பட்டுத் திரும்புற அலை. இடப்பக்கம் திருப்பு."

"தூங்கிக்கிட்டே வழி சொல்றீங்களாக்கும்!"

வேறு வழியின்றித் திருப்பினான். அரைமணியில் மூட்டம் விலக, எதிரே மஜுரோவின் தென்னைகள்!

ஜோர்போன் அவள் பக்கம் திரும்பினான். "அக்கா! கண்ணே திறக்காம எப்படி?"

"மல்லாந்து மிதந்து அலையைப் படிக்கிறதுதான் எங்க வீட்டுல முதல் பாடம். கரை வந்ததும் கையைப் பிடிச்சு இறக்கிவிடு தம்பி, எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது."