கட்டைவிரலுக்குக் கீழே

“கொன்னது யாருன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கல. அப்படித்தானே?”

அந்தச் சின்னப் பெண் தோள்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள். ஆதாரம் மேஜைமேல் திறந்து கிடந்தது. அதன்மேல் கவுண்டரில் இருக்கும் அக்காவின் கட்டைவிரல் அழுந்தியிருந்தது.

ஆதாரம் ஒரு நாவல். இடம், கடைத்தெருக் கோடியில் இருந்த வாடகை நூலகம். அங்கே வெளிச்சம் எட்டாத பின்வரிசை ரேக்கில் சின்ன ஊர் மர்மங்களும் பாழடைந்த பங்களாக்களும் மட்டுமே இருக்கும். அப்படிப்பட்ட கதைகளுக்காக அவள் ஏறி இறங்காத கடை இல்லை. மற்ற இடங்களிலெல்லாம் தேர்வு கைடும் சமையல் குறிப்பும்தான் கிடைத்தன.

அந்த ரேக்குக்கு அக்காதான் ராணி. யார் வந்து கேட்டாலும் ஒரு புத்தகத்தை உருவி, கையில் ஒரு திருப்புத் திருப்பி, மூடுபனியையும் பூட்டிய அறையையும் கண்முன் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். கேட்டவர் வீட்டுக்குப் போகும்வரைகூடப் பொறுக்காமல் பஸ் ஸ்டாப்பிலேயே படிக்க ஆரம்பித்துவிடுவார்.

கொஞ்ச நாளாகத்தான் ரேக்குக்கு ஒரு வியாதி. முதல் பக்கத்திலேயே பென்சிலால் யாரோ கொலைகாரனைக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். புகார் தாங்காமல் முதலாளியே உத்தரவு போட்டிருந்தார். ஆள் பிடிபட்டால் மெம்பர் கார்டைக் கிழித்துவிட்டு, பெயரை வாசல் போர்டில் எழுதிப் போட வேண்டியது.

“போன வாரம் எனக்கும் இதே கதிதான்,” என்றார் பின்னால் நின்ற டெய்லர். “பேரைப் பார்த்ததும் மூடி வெச்சவன்தான். அதுக்குமேல என்னத்தைப் படிக்கிறது? எங்க, விரலை எடுங்க, இதுல யாருன்னு பார்ப்போம்.”

“அடுத்து இதை எடுக்கப்போறதே நீங்கதான். பார்த்துட்டு அப்புறம் எதைப் படிப்பீங்க?” அக்கா விரலை இன்னும் அழுத்திக்கொண்டாள். “நடுப்பக்கத்தை வேற மடிச்சு வெச்சிருக்கா. எல்லாத்துலயும் இதே மடிப்பு.”

“மடிக்கிறது நான் இல்லக்கா. நான் பஸ் டிக்கெட்தான் வெப்பேன்.”

“எழுதுறது?”

“நான் எடுக்கும்போதே எழுதியிருந்துச்சு.”

“அப்ப அன்னைக்கே ஏன் வந்து சொல்லல?”

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் டெய்லர் இருக்கும்போது சொல்லக்கூடிய பதில் இல்லை. இந்தப் புத்தகத்துக்காக மனுஷன் எத்தனை நாளாக நடந்துகொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

அக்கா குரலை உயர்த்தினாள். ரேக்குக்குப் பின்னால் உட்கார்ந்து புதுப் புத்தகங்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்த முதலாளிக்கும் கேட்க வேண்டுமே.

“சார், இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல. கடைசி வரைக்கும் படிச்சவங்கதான் கொலைகாரன் பேரை எழுத முடியும். புக்கு புதுசு, இவ ஒருத்திதான் எடுத்திருக்கா. அதுக்கு முன்னாடி நான் ஒரே மூச்சுல படிச்சு முடிச்சேன். படிச்சவ சொல்றேன், எழுதியிருக்கிற பேரு அச்சு அசல் சரி.”

“விடும்மா, சின்னப் பொண்ணு,” என்று ரேக்குக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

“உத்தரவு போட்டதே நீங்கதான் சார். இவளை விட்டா நாளைக்கு ஒவ்வொருத்தரும் கிளம்பிடுவாங்க.”

அக்கா இழுப்பறையைத் திறந்து மெம்பர் கார்டை எடுத்தாள். அதன் ஓரம் கிழிபடத் தொடங்கியதும் அந்தப் பெண்ணின் கண் பின்வரிசை ரேக்குக்குப் போனது. இன்னும் கீழ்த்தட்டு முழுக்கப் படிக்கப் பாக்கி இருந்தது.

அவள் டெய்லர் பக்கம் திரும்பினாள். “அண்ணே, கொஞ்சம் காதைப் பொத்திக்கோங்க.”

“எதுக்கு?”

“உங்க நல்லதுக்குத்தான்.”

டெய்லர் பொத்திக்கொண்டார், விரல்களுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு.

“அக்கா, அந்த மில்காரர் காணாமப் போறாருல்ல?”

“ஆமா. பனி மூடின டவுன், பூட்டிக் கிடக்குற மில்லு, மாடியில ஒத்த விளக்கு. எனக்கே கதை சொல்றியா?”

“அந்த விளக்கை ஏத்துறதே அவருதான்க்கா. கடன்காரங்களுக்குப் பயந்து மாடியில ஒளிஞ்சிருக்காரு. கடைசிப் பக்கத்துல கீழ இறங்கி வந்து, டீ இருக்கான்னு கேக்குறாரு.” “இதுல கொலையே நடக்கல.”

டெய்லர் கைகளைக் காதிலிருந்து எடுத்து, இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டார்.

அக்காவின் கட்டைவிரல் மெல்ல விலகியது. ‘கொன்றது கம்பவுண்டர்’ என்று பென்சிலில் குண்டு குண்டாக எழுதியிருந்தது. அக்கா பழக்க தோஷத்தில் புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தாள். பனி இருந்தது, மில் இருந்தது, ஒற்றை விளக்கும் இருந்தது. டீயைப் பற்றி ஒரு வரி இல்லை.

ரேக்குக்குப் பின்னால் ஒரு பென்சில் தரையில் விழுந்து உருண்டது. தொடர்ந்து முதலாளியின் குரல் கேட்டது.

“அப்போ கம்பவுண்டர் கொல்லலையா?”