லைப்ரரிப் பரீட்சை

பெத்த அப்பாவுக்கு நெஞ்சுல ஆபரேஷன். ஊருக்குப் போறியான்னு கேட்டா, "லைப்ரரியில எனக்கு இங்கிலீஷ் பரீட்சை இருக்கு"ன்னு யாராவது சொல்வாங்களா? என் பொண்டாட்டி தாமரைச்செல்வி சொன்னா.

ரெண்டு தடவை கேட்டேன். டிக்கெட் போடறேன், கிளம்புன்னேன். பரீட்சை முடியட்டும்னு சொல்லிட்டு வெங்காயம் அரியப் போயிட்டா.

கரூர்லேர்ந்து அவ அண்ணன் சேனாபதி போன் பண்ணி என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினார். "மாப்ள, அப்பா தினம் வாசலையே பார்த்துக்கிட்டிருக்கார். இவளுக்கு அப்படி என்ன கலெக்டர் பரீட்சை?"

எனக்குத் தெரிஞ்சா சொல்லமாட்டேனா.

அமெரிக்காவுல, சன்னிவேல்ல எங்க வீட்டுக்குப் பக்கத்துலதான் லைப்ரரி. வாரத்துல ரெண்டு நாள் ஒரு வெள்ளைக்கார அம்மா அங்க இலவசமா இங்கிலீஷ் சொல்லித் தர்றாங்க. அந்த மாசப் பாடம், எது எதனால நடந்தது, அதனால என்ன ஆச்சுன்னு சொல்றது. செல்வி வந்து புலம்புவா. நம்மூர்ல ஒருத்தர் கல்யாணத்துக்கு வரலைன்னா ஏதோ கஷ்டம்னு நாமளே புரிஞ்சுப்போம், இங்க பிகாஸ் போட்டு வாயால சொன்னாத்தான் விடறாங்கன்னு.

எழுதின நோட்டை என்கிட்டதான் முதல்ல கொடுப்பா. 'போன் பேசினதால பால் பொங்கிடுச்சு', 'பால் பொங்கினதால காபி இல்ல', இப்படித்தான் இருக்கும். நான் சிவப்புப் பேனாவால அடிச்சுத் திருத்துவேன். அதுல எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. பதினொரு வருஷமா ஆபீஸ்ல நான் பார்த்த வேலையே அதுதானே. சிஸ்டம் படுத்துடுச்சுன்னா, ஏன் ஏன்னு அஞ்சு தடவை கேட்டு, மூல காரணத்தைக் கண்டுபிடிச்சு ரிப்போர்ட் எழுதணும்.

பார்த்த வேலைன்னுதான் சொல்லணும். போயிடுச்சு. கம்பெனி லெட்டர் அனுப்பினாங்க. அதுல என்னை யாரும் நீக்கல. 'வர்த்தக மாற்றங்களின் விளைவாக உங்கள் பதவி பாதிக்கப்பட்டுள்ளது'ன்னு போட்டிருந்தது. மழை பெஞ்சு சுவர் விழுந்த மாதிரி. காரணம் இருக்கு, விளைவு இருக்கு, தள்ளிவிட்ட ஆள்தான் இல்ல.

அறுபது நாளைக்குள்ள வேற வேலை கிடைக்கணும், இல்லாட்டி விசா போயிடும், மூட்டை கட்ட வேண்டியதுதான். செல்விகிட்ட நான் மூச்சு விடல. அப்பா நினைப்புல இருக்கறவகிட்ட இதை வேற எப்படிச் சொல்றது? வழக்கம்போல எட்டு மணிக்கு லேப்டாப் பையும் டிபன் பாக்ஸுமா கிளம்புவேன். கம்பெனி பஸ் நிக்கற ஸ்டாப்பைத் தாண்டி நடந்து, எல் கமினோ ரியல் ரோட்டுல ஒரு காபிக் கடை மூலையில உக்காந்து வேலைக்கு அப்ளை பண்ணுவேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, களைச்சுப்போன மூஞ்சியோட வீடு. மூஞ்சி மட்டும் நடிப்பில்ல.

அவ ஊருக்குப் போயிட்டா இந்த வேஷமும் வேண்டாமேன்னு ஒரு அல்ப ஆசை. அதனால அவ போகாதது எனக்கு இன்னும் எரிச்சல். ஒருநாள் வாய்விட்டே சொல்லிட்டேன்.

"கல்லு மனசுடி உனக்கு."

மறுநாள் டிபன் பாக்ஸ்ல எனக்குப் பிடிச்ச புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தது. பாரு, சமையல்ல ஒரு குறை வைக்கறாளான்னு அதுக்கும் கோபப்பட்டேன்.

ஆபரேஷன் முடிஞ்ச மூணாம் நாள் மாமா போயிட்டார். அப்பா முகத்தை அவ வீடியோவுலதான் பார்த்தா. போனை மார்போட அணைச்சுக்கிட்டு அழுதா. இப்பவாவது போயிட்டு வான்னேன். மாட்டேன்னு தலையை ஆட்டிட்டா. அன்னையிலேர்ந்து சேனாபதி அவகிட்ட பேசறதில்ல. எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம்னு தோணிச்சு.

போன வியாழக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். கிளாஸுக்கு வர முடியாதுன்னு சொல்ல நானே லைப்ரரிக்குப் போனேன். அந்தம்மா ரொம்ப வருத்தப்பட்டாங்க. திருத்தறதுக்கு வாங்கி வெச்சிருந்த அவ நோட்டை எடுத்துக் கொடுத்தாங்க. ஒரு மரியாதைக்கு, பரீட்சையை எப்படி எழுதினான்னு கேட்டேன்.

"பரீட்சையா? இங்க பரீட்சையே கிடையாதே!"

ஆபீஸ்ல ஒரு மெஷினுக்காக அஞ்சு தடவை ஏன் கேட்டவன் நான். வீட்ல இருக்கற மனுஷிகிட்ட ஒரு தடவை கேக்கல.

லைப்ரரி வாசப்படியிலேயே நின்னு நோட்டைப் பிரிச்சேன். கடைசிப் பக்கத்துல, ஆபரேஷனுக்கு முந்தின வாரத் தேதி. நீங்கள் எடுத்த ஒரு முடிவையும் அதன் காரணத்தையும் எழுதுகன்னு தலைப்பு. அவளோட குட்டிக் குட்டி இங்கிலீஷ்ல எழுதியிருந்ததைத் தமிழ்ல சொன்னா இதுதான்:

'கம்பெனி பஸ் தினமும் என் கணவரை ஏற்றாமல் போகிறது. சமையலறை ஜன்னலில் பார்க்கிறேன். அவருக்கு வேலை இல்லை. நான் வருந்துவேன் என்பதால் அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாததால் நானும் கேட்கவில்லை. அப்பாவுக்கு அங்கே அண்ணன் இருக்கிறார். இவருக்கு இங்கே நான் மட்டும்தான். அதனால் பரீட்சை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.'

நோட்டு முழுக்க என் சிவப்பு மை. இந்த ஒரு பக்கத்தை மட்டும் அவ என்கிட்ட திருத்தக் கொடுக்கவே இல்ல.