பசை காயும் நேரம்

ஞாயிறு காலை ஆராதனைக்குப் பதினோரு பேர்தான் மிஞ்சினார்கள் என்றான பிறகு, இந்த ஆலயத்தில் பாதி பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, உடைந்த சாமான்களை இலவசமாகச் சரிசெய்து தருகிறார்கள். பாட்டு எண் மாட்டும் பலகையில் இப்போது டோக்கன் எண் தொங்குகிறது: ஏழு. கால் உடைந்த நாற்காலியோடு வந்திருக்கும் பஸ் டிரைவருடைய எண் அது. பாடகர் குழுவில் இருக்கும் தச்சர் பசை தடவிக் காலைப் பொருத்தி, "இருபது நிமிஷம் அசையாம அழுத்திப் புடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவருடைய மின்விசிறிக்குப் போகிறார். போதகர் காத்திருந்தது இதற்குத்தான். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நாற்காலியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார். "எனக்கு இந்த பைபிள் கதையெல்லாம் சரிப்பட்டு வராதுங்க" என்று டிரைவர் முந்திக்கொள்கிறார். "காது சும்மாதானேங்க இருக்கு" என்கிறார் போதகர். நடக்க முடியாத ஒருவனை நாலு பேர் படுக்கையோடு தூக்கி வந்ததையும், கூட்டத்தில் வழி கிடைக்காமல் வீட்டுக் கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்கியதையும், அவன் எழுந்து நடந்ததையும் சொல்லி முடிக்கிறார். ஜன்னலின் வண்ணக் கண்ணாடி வழியே விழும் சிவப்பு வெளிச்சம் இருவர் விரல்களிலும் கிடக்கிறது. "அது சரி, பிரிச்ச கூரைய யாரு சரி பண்ணிக் குடுத்தாங்க?" என்று கேட்கிறார் டிரைவர். போதகரின் முப்பது வருஷப் பிரசங்கத்தில் ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. "நானா இருந்தா மறுநாளே ஏணியோட போயிருப்பேன்" என்கிறார் தச்சர், மின்விசிறியிலிருந்து தலையைத் தூக்காமல். "அதுவரைக்கும் வீட்டுக்காரன் சும்மா இருந்திருப்பானா?" என்கிறார் டிரைவர். போதகர் சிரித்துக்கொண்டே ஸ்டூலை இன்னும் கிட்டே நகர்த்துகிறார். பலகையில் எட்டு ஏறிவிட்டது. பசை எப்போதோ காய்ந்துவிட்டது. இருவருமே கையை எடுக்கவில்லை.