பொத்தான் எந்தப் பக்கம்?

"கையை மாத்தி வரைஞ்சுட்டே தம்பி. ஓ. டி. பிக்கெட் பந்து வீசினது வலது கையால."

ஓவியர் மார்வெல் நிமிர்ந்தார். எதிரே ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியும் கையுறையுமாக மிஸ் ஒடெசா. எண்பது வயது.

பர்மிங்ஹாம் சர்ச் கூடத்து மேசையில் முப்பது அஞ்சலட்டை ஓவியங்கள் பரவிக் கிடந்தன. வெள்ளையர் அணிகள் கதவைச் சாத்திய காலத்தில், தங்களுக்கென்று தனி அணி கட்டி ஆடிய கறுப்பின பேஸ்பால் வீரர்கள். நாலு மணிக்கு அச்சக ஆள் வந்து வாங்கிப் போய்விடுவார். இப்போதே மூன்றரை.

"பிக்கெட் உங்களுக்குச் சொந்தமா, மிஸ் ஒடெசா?"

"கல்யாணத்துக்கு முன்னால நானும் பிக்கெட்தான்."

சர்ச் ஊழியரான டீக்கன் ஹோசியா கையில் மீன் சாண்ட்விச்சோடு குறுக்கே புகுந்தார். "கோவிச்சுக்காதீங்க. அந்த ஆட்டத்தை நான் நேர்ல பார்த்தவன். அப்போ எனக்குப் பன்னிரண்டு வயசு. மெம்பிஸ்காரங்களைப் பதினேழு தடவை அவுட்டாக்கினாரே, என்ன வீச்சு! இடது கைதான். இன்னும் கண்ணுல நிக்குது."

"எங்கே உக்காந்து பார்த்தே, ஹோசியா?"

"டிக்கெட்டுக்குக் காசு ஏது? வேலிக்கு வெளியே மரத்துமேல."

"தலைகீழாத் தொங்கிக்கிட்டா?"

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"இந்த ஓவியத்தைப் பார்த்தப்புறம்தான் உனக்கு இடது கை ஞாபகம் வந்திருக்கு. சாண்ட்விச்சைத் தின்னு."

மார்வெல் ஒரு பழைய புகைப்படத்தை எடுத்து வைத்தார். "இருக்கறது இந்த ஒரே போட்டோதான். நீங்க சொல்ற மாதிரி இதுல வலது கையிலதான் பந்து இருக்கு."

"அப்புறம் ஏன் மாத்தினே?"

"நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்துட்டாங்க. சட்டையில அணிப் பேர் இருந்திருந்தா எழுத்து இடவலம் மாறித் தெரியும். இது வெறும் சட்டை. ஆனா நான் தையல்காரர் மகன், பொத்தானைப் பார்த்தேன். ஆம்பளைச் சட்டையில பொத்தான் போட்டிருக்கறவரோட வலப்பக்கம் இருக்கும். இதுல இடப்பக்கம் இருக்கு. அதனால படத்தைத் திருப்பி வரைஞ்சேன். கையும் இடதாச்சு."

"பொத்தான் பொய் சொல்லாது!" என்றார் டீக்கன், வாய் நிறைய மீனோடு.

"சொல்லாதுதான்" என்றாள் மிஸ் ஒடெசா. "போட்டோவும் சொல்லலை. மாத்தி வரை தம்பி. அந்த ஆட்டத்தைப் பார்த்தவங்க பாதிப்பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. இனிமே இந்த அட்டை சொல்றதுதான் நிஜம்னு ஆயிடும்."

"ஆதாரம் வேணுமே, மிஸ் ஒடெசா. பொத்தானுக்கு என்ன பதில் சொல்றது?"

"அணியில குடுத்த சட்டை கோணி மாதிரி இருந்துச்சு. எங்கம்மா ராத்திரியோட ராத்திரியாப் பிரிச்சுத் தைச்சா. அவசரத்துல கைப்பழக்கம், பொம்பளைச் சட்டைக்கு வைக்கிற மாதிரி இடப்பக்கம் பொத்தானை வெச்சுட்டா. ஒரு சீசன் முழுக்க அதைப் போட்டு ஆடியாச்சு. ஒருத்தர் கண்ணுலயும் படலை. அறுபது வருஷம் கழிச்சு உன் கண்ணுலதான் பட்டிருக்கு, கெட்டிக்காரன்."

"ஏன் மிஸ் ஒடெசா," டீக்கன் விடவில்லை. "ஆம்பளப் பிள்ளைக்குத் தைக்கும்போது எந்த அம்மாவுக்காவது அப்படிக் கை தவறுமா?"

மிஸ் ஒடெசா வலது கையுறையை விரல் விரலாகக் கழற்றினாள். நடுவிரல் கணுவில் கோணியிருந்தது. பழத்தட்டிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உருட்டிப் பார்த்தாள். இடது காலைத் தூக்கினாள்.

கூடத்தின் மறுகோடியில் அடுக்கியிருந்த காகிதக் கோப்பைகள் நாலாபக்கமும் பறந்தன.

டீக்கன் கையிலிருந்த சாண்ட்விச் தரையில் விழுந்தது. காப்பிப் பெண்கள் கைதட்டத் தொடங்கினார்கள். மார்வெல் தூரிகையை எடுத்தார்.

"தொப்பிக்குள்ள முடியைச் சுருட்டிக்கிட்டுப் போனேன். ஆம்பளைன்னு எங்க அணி நம்பிச்சு, மெம்பிஸும் நம்பிச்சு. எங்கம்மா கைக்கு மட்டும் தைக்கறது மகளுக்குன்னு மறக்கவேயில்லை" என்றாள் அவள். "கையோட பேரையும் திருத்திடு தம்பி. முழுசா எழுது: ஒடெசா டீலியா பிக்கெட்."